ரஷ்ய மனைவி "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால்: ஸ்லாவிய மொழிகளில் நீயும் நீங்களும்

#1 அரைகுறைப்_பெயர்ப்பாளன்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு ரஷ்யச் சிறுகதையைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். மொத்தம் பதினான்கு பக்கம். பதினோரு பக்கம் வண்டி ஒழுங்காக ஓடியது. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி, நான்கு நாளாக அங்கேயே நிற்கிறேன்.

கல்யாணமாகி ஒன்பது வருடமான ஜோடி. கதை முழுக்க ஒருவரையொருவர் 'தி' என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். (தெரியாதவர்களுக்கு: ரஷ்யனில் 'தி' என்றால் நீ, 'வி' என்றால் நீங்கள். அந்த இகரம் உண்மையில் தொண்டைக்குள் இருந்து வரும். தமிழில் எழுத வேறு வழியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஒரு பெரிய சண்டை வருகிறது. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவன் வேலை முடிந்து வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். அவள் அடுப்படியில் நின்றபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்கிறாள்: "வி பயேலி?" அதாவது, "நீங்கள் சாப்பிட்டீர்களா?"

அவ்வளவுதான் வரி. ரஷ்யனில் படிக்கும்போது பகீரென்கிறது. தமிழில் "சாப்பிட்டீங்களா?" என்று எழுதிப் பார்த்தேன். சண்டையே தீர்ந்துபோய்விட்டது! நம் வீடுகளில் தினமும் ராத்திரி எட்டரைக்குக் கேட்கிற வரி அது. சமாதானத்துக்கு வருகிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

'வி' என்றால் நீங்கள் என்று நம்பித்தான் இத்தனை வருடம் ஓட்டினேன். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சும்மா_படிப்பவன்

எட்டரைக்கா? எங்கள் வீட்டில் பத்தேகாலுக்கு. அதுவும் "சாப்பிடுறீங்களா, இல்ல எடுத்து வச்சிடவா" என்று.

#3 வோல்கா_டாக்டர்

அண்ணா, நீங்கள் நம்பியதிலேயே ஓட்டை இருக்கிறது. வோல்கா கரையில் ஆறு வருடம் மருத்துவம் படித்தவன் என்ற முறையில் என் அனுபவம்.

முதல் வருடம், உடற்கூறியல் வகுப்பு. தலை முழுக்க நரைத்த பேராசிரியர். எனக்குப் பதினெட்டு வயது, மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. அவர் எங்களை 'கலேகி' என்று கூப்பிட்டார், சக மருத்துவர்களே என்ற அர்த்தத்தில். ஒவ்வொருவரிடமும் 'வி'. ஊரில் பிளஸ் டூ வரைக்கும் 'டேய்' கேட்டு வளர்ந்த எனக்கு அன்று பின்னால் திரும்பி, யாரைச் சொல்கிறார் என்று பார்க்கத் தோன்றியது. அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளைகளை 'தி' என்பார். கல்லூரிக்குள் காலை வைத்ததும் நீ பெரியவன், 'வி'. அதேசமயம் விடுதி வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியம்மா முதல் நாளே என்னை 'தி' என்று கூப்பிட்டு, சளி பிடித்திருக்கிறது என்று ஒரு பாட்டில் வெள்ளரிக்காய் ஊறுகாயும் கொடுத்தார். பேராசிரியர் என்னை உயர்த்தவும் இல்லை, பாட்டி தாழ்த்தவும் இல்லை. அவர் தள்ளி நின்றார், இவர் பக்கத்தில் வந்தார், அவ்வளவுதான்.

நான் மாட்டிக்கொண்ட கதை வேறு. என் ரஷ்யன் முழுவதும் விடுதிப் பையன்களிடம் கற்றது. எனவே வாயைத் திறந்தால் 'தி'. மூன்றாம் வருடம் வார்டில் முதல் நோயாளி, எழுபது வயது அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து "திஷி!" என்றேன். மூச்சு விடு! "திஷீத்யே" என்றிருக்க வேண்டும். அந்தக் கடைசி 'த்யே' நம்ம 'விடுங்க'வில் இருக்கிற 'ங்க' மாதிரி. அந்தம்மா மூச்சு விடவில்லை. மெல்லத் திரும்பி, "இளைஞரே, நாம் இரண்டு பேரும் சேர்ந்து பன்றி மேய்த்ததில்லை" என்றார். அது அங்கே ஒரு சொலவடை என்று அப்போது எனக்குத் தெரியாது. இந்தியாவைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, "எங்கள் ஊரில் ஆடுதான்" என்று பதில் வேறு சொன்னேன்.

அதற்கப்புறம் பயந்துபோய் எல்லோரையும் 'வி' என்க ஆரம்பித்தேன். அறைத்தோழனையும்தான். ஒரு வாரம் பொறுத்துவிட்டு அவன் கேட்டான்: "நான் உனக்கு என்ன செய்தேன்?"

உங்கள் பன்னிரண்டாம் பக்கம் அதுதான்.

#4 அரைகுறைப்_பெயர்ப்பாளன்

பன்றிக்கு ஆடு என்று பதில் சொன்ன டாக்டருக்கு நன்றி. ஆனால் வரி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

#5 இலக்கணக்_கிறுக்கி

டாக்டர் சொன்னதற்குப் புத்தகப் பெயர் உண்டு. 1960இல் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் அதிகாரம், நெருக்கம் என்று இரண்டு அளவுகோல் வைத்தார்கள். முன்னொரு காலத்தில் ஐரோப்பிய மொழிகளில் இந்த இரட்டைச் சொல் அதிகாரத்தை அளந்தது: மேலே இருப்பவனுக்குப் பன்மை, கீழே இருப்பவனுக்கு ஒருமை, பதில் மரியாதை கிடையாது. பிறகு நெருக்கத்தை அளக்க ஆரம்பித்தது: பழகியவர்கள் இருபுறமும் ஒருமை, பழகாதவர்கள் இருபுறமும் பன்மை. நம் நீங்கள் இன்னும் பெரும்பாலும் முதல் அளவுகோலில் நிற்கிறது. அதனால்தான் மனைவி கணவனுக்கு நீங்கள் சொல்லி, கணவன் மனைவிக்கு நீ சொல்வது நமக்கு உறுத்துவதில்லை. இன்றைய ரஷ்யக் காதில் அந்தக் கணவன் ஒரு ஜமீன்தார்.

இன்னொன்று. ரஷ்யனில் இந்த 'வி' ஆதியிலிருந்து இருந்ததில்லை. பழைய ரஷ்யாவில் எல்லோருக்கும் 'தி'தான், ஜார் மன்னருக்கும். மன்னருக்கு எழுதிய விண்ணப்பங்களில் 'மாபெரும் அரசே, உனக்கு' என்றுதான் இருக்கும். மரியாதையை வேறு பக்கத்தில் காட்டினார்கள்: எழுதுகிறவன் தன்னைச் சுருக்கிக்கொள்வான். இவான் என்பவன் தன்னை 'இவாஷ்கோ' என்று எழுதி, 'உன் அடிமை' என்று கையெழுத்திடுவான். எதிராளியை உயர்த்தாமல் தன்னைத் தாழ்த்திக்கொள்வது. அடியேன் என்று சொல்லும் நமக்கு இது புரியும். ஒரு ஆளுக்குப் பன்மை போடுகிற வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில், ஜார் மன்னர் பீட்டர் காலத்து மேற்கத்திய நடையுடை பாவனைகளோடு சேர்ந்து மேட்டுக்குடிக்குள் பரவியது. கடவுளிடம் இன்றும் 'தி'தான். சாமியிடம் நாமும் நீங்கள் போடுவதில்லையே.

#6 சும்மா_படிப்பவன்

அப்போ மரியாதையும் இறக்குமதிச் சரக்குதானா? சீமைத்துணி மாதிரி?

#7 இலக்கணக்_கிறுக்கி

சரக்கு வந்தது மாளிகைக்கு. குடிசைக்கு வரவே இல்லை, சண்டையே அதில்தான். அதிகாரி சிப்பாயை 'தி' என்பார். முதலாளி தொழிலாளியை 'தி' என்பார். பதிலுக்குச் சிப்பாயும் தொழிலாளியும் 'மேன்மைதங்கிய' என்று பட்டம் சொல்லிப் பேச வேண்டும். 1912இல் சைபீரியாவில் லேனா தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சாப்பிடக் கொடுத்த இறைச்சி கெட்டுப்போயிருந்தது என்பதில் ஆரம்பித்த சண்டை. எட்டு மணி நேர வேலை கேட்டார்கள், கூலி உயர்வு கேட்டார்கள், அதே பட்டியலில் எங்களை 'வி' என்று கூப்பிடுங்கள் என்றும் கேட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. நூற்றுக்கணக்கானோர் சுடப்பட்டார்கள்.

ஐந்து வருடம் கழித்து, 1917 மார்ச்சில் ஜாராட்சி சரிந்த அதே நாட்களில், பெத்ரோகிராத் சோவியத் (அன்றைய தலைநகரில் தொழிலாளர், சிப்பாய் பிரதிநிதிகளின் மன்றம்) வெளியிட்ட முதல் ஆணை ராணுவத்துக்கானது. ஆயுதம் யார் கட்டுப்பாட்டில் என்பதிலிருந்து பல விஷயம் அதில் உண்டு. சிப்பாய்களை 'தி' என்று கூப்பிடுவது தடை என்பதும் அதில் ஒரு வரி. ஒரு பேரரசு விழும்போது உட்கார்ந்து முன்னிலைப்பெயருக்கு ஆணை போட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, கங்காணியிடம் காலமெல்லாம் 'ஏய்' கேட்டவர்களை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

#8 கீவ்_ரிட்டர்ன்

கிறுக்கி அக்கா, ஒரு சின்ன மறுப்பு. ஸ்லாவியர்கள் (ரஷ்யன், உக்ரைனியன், போலிஷ், செக் என்று ஒரே குடும்பத்து மொழிகளைப் பேசுகிறவர்கள்) என்றால் ரஷ்யர்கள் மட்டும் இல்லை. 'வி' என்றால் தூரம் என்று டாக்டர் அடித்துச் சொல்வது மாஸ்கோ கணக்கு. உக்ரைன் கிராமத்துக்குப் போனால் அது உடைந்துவிடும்.

என் வகுப்புத் தோழன் வீட்டுக்கு ஈஸ்டருக்குப் போயிருந்தேன், மேற்குப் பக்கம் ஒரு கிராமம். அவன் அம்மாவிடம் அவன் பேசுவதைக் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டது: "மாமோ, வி..." பெற்ற தாயிடம் நீங்கள்! சண்டையோ என்று பார்த்தால், பேசியபடியே அவர் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான். தூரமாவது ஒன்றாவது. அங்கே அது வளர்ப்பு. அப்பா அம்மாவுக்கு 'வி' சொல்லாத பிள்ளையை ஊரார் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நகரத்தில் இது குறைந்துவிட்டது, கீவில் என் நண்பர்கள் எல்லோரும் அம்மாவை 'தி'தான்.

இன்னும் இருக்கிறது. பாட்டி அங்கே இல்லாதபோதும் அவரைப் பற்றிப் பேசினால் வினைச்சொல் பன்மை. "பாபுஸ்யா ஸ்கஸாலி." பாட்டி சொன்னாங்க! எழுத்துக்கு எழுத்து நம்ம ஊர். அதற்கு அவர்கள் இலக்கணத்தில் பெயர் 'பொஷான்னா ம்னொஜினா'. தமிழாக்கினால் மரியாதைப் பன்மை. யாரோ நம் தமிழ் வாத்தியார் போய் வைத்த பெயர் மாதிரி இல்லை?

#9 வோல்கா_டாக்டர்

ஏற்றுக்கொள்கிறேன். பழைய ரஷ்ய வீடுகளிலும் பெற்றோருக்கு 'வி' போட்ட காலம் உண்டு, வேலைக்காரர்கள் 'எஜமான் சொன்னார்கள்' என்று பன்மையில் பேசியதும் உண்டு. நான் சொன்னது இன்றைய நகரத்து ரஷ்யன்.

#10 பியரோகி_மாப்பிள்ளை

போலந்தின் விரோத்ஸ்வாஃப் நகரில் ஏழு வருடமாக இருக்கிறேன், கட்டியது போலந்துப் பெண்ணை. எங்கள் பக்கத்தில் இந்தக் கதையே வேறு.

போலிஷில் 'தி' உண்டு. 'வி'யும் உண்டு, ஆனால் பல பேருக்கு மட்டும். ஒரே ஒருவரை மரியாதையாக 'வி' என்றால் முகம் மாறும். கம்யூனிஸ்ட் ஆட்சியில் கட்சிக்காரர்களும் போலீஸும் "குடிமகனே, காகிதங்களைக் காட்டுங்கள்" என்று 'வி' போட்டுப் பேசியதால், கொஞ்சம் வயதானவர்களுக்கு அதில் அந்த வாடை அடிக்கிறது. கிராமத்தில் பெரியவர்களுக்கு 'வி' போடும் பழைய வழக்கம் வேறு கணக்கு, அதில் அரசியல் இல்லை.

அப்புறம் மரியாதைக்கு என்னதான் சொல்வது? ஆணுக்கு 'பான்', பெண்ணுக்கு 'பானி', கலந்த கூட்டத்துக்கு 'பான்ஸ்த்வோ'. பான் என்றால் பிரபு. ஒருவரிடம் பேசும்போது வினைச்சொல் படர்க்கை, அதுவும் ஒருமை. எதிரே நிற்கிற ஆளைப் பார்த்தே "ஐயா காபி குடிக்கிறாரா?" என்று கேட்க வேண்டும். வந்த புதிதில் இது புரியாமல், ஒரு அரசு அலுவலகக் கவுண்ட்டரில் 'உன்னிடம் படிவம் இருக்கா' என்று ஒருமையில் கேட்டுவிட்டேன். கவுண்ட்டர் அம்மா என் காகிதத்தைக் கையில் வாங்கி, தலைகீழாக மேசையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இது நமக்கு ரொம்ப அந்நியம் என்று நினைக்காதீர்கள். மடத்திலும் கோர்ட்டிலும் 'தாங்கள்' என்கிறோமே, அதுவும் முன்னிலைக்கு வந்து உட்கார்ந்த படர்க்கைச் சொல்தான். தான், தாங்கள்.

மாமியார் விஷயம்தான் உச்சம். கல்யாணத்துக்கு முன்னால் அவர் எனக்கு 'பானி'. கல்யாணம் ஆனதும் "இனிமேல் அம்மா என்றே கூப்பிடு" என்று அவராகவே அனுமதி தர வேண்டும், தந்தார். ஆனாலும் 'தி' போட வாய் வரவில்லை. அங்கே பல மருமகன்கள் மருமகள்கள் செய்வதையே நானும் செய்கிறேன்: உறவுச் சொல்லையே முன்னிலைப்பெயராக்கி, படர்க்கையில் பேசிவிடுவது. சமையலறையில் கெண்டி கொதிக்கிறது, அவர் முன்னாலேயே நின்றுகொண்டு "அம்மா டீ குடிப்பாங்களா?" என்கிறேன். போலிஷில் அம்மா என்பது 'மாமா'. காணொளியில் இதைக் கேட்ட என் சொந்த அம்மா, "ஏண்டா, பொண்ணுக்கு அப்பா இல்லன்னு சொன்ன, யாருடா அந்த மாமா?" என்று ஒரு வாரம் துளைத்தெடுத்துவிட்டார்.

#11 சும்மா_படிப்பவன்

மாமியாரை மாமா என்று கூப்பிடும் ஒரே தமிழர். 🙏

#12 வடமராட்சிக்காரி

செக் தலைநகர் பிராகாவில் இருந்து எழுதுகிறேன். செக் மொழியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை என்பதால் உள்ளே வந்தேன்.

இங்கே 'தி', 'வி' இரண்டுக்கும் வினைச்சொல்லே இருக்கிறது: 'திகத்', 'விகத்'. நீ போட்டுக் கதைக்கிறது, நீங்கள் போட்டுக் கதைக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுகிறது சும்மா நடக்காது. வயது மூத்தவர்தான் முதலில் கேட்க வேண்டும். ஆணும் பெண்ணும் என்றால் பெண்தான். எங்கட மாடியில் எழுபது வயது அம்மா ஒருவர். மூன்று வருசம் லிஃப்ட்டில் 'வி' போட்டே கதைத்தோம். போன கிறிஸ்துமஸுக்கு கதவைத் தட்டி, சின்னக் கிளாஸில் பிளம்ஸ் சாராயம் ஒன்றைக் கையில் தந்து, தன்ர பெயரை மட்டும் சொன்னா. குடும்பப் பெயர் இல்லை, பட்டம் இல்லை. அதுதான் சடங்கு. நானும் என்ர பெயரைச் சொல்லிக் குடிக்க வேண்டும், குடித்தேன். ஆனால் அடுத்த நாள் லிஃப்ட்டில் அவவைப் பெயர் சொல்லி நீ என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. அம்மம்மாவின்ர வயது! இரண்டு மாதமாக முன்னிலைப்பெயரே வராத வசனமாகப் பார்த்துப் பார்த்துக் கதைத்தேன். "குளிர் கூட, என்ன?" "லிஃப்ட் திரும்பவும் பழுது." பியரோகி அண்ணாவின்ர மாமியார் கதை வாசிக்க அழுகை வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் எல்லோரும் முன்னிலைப்பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். வினைச்சொல்லைப் பாருங்கோ. ரஷ்யனில் ஒரு பெண்ணிடம் 'இருந்தாய்' என்றால் 'தி பிலா', அந்த ஆகாரம் பெண் என்று காட்டும். மரியாதை கொடுத்தால் 'வி பிலி', பன்மை, பெண் காணாமல் போய்விடுவாள். செக் அப்படி விடாது. 'வி ஸ்தே பிலா' என்பார்கள்: துணைவினை பன்மை, ஆனால் முக்கிய வினை ஒருமை, பெண்பால். மரியாதையும் இருக்கு, ஆளும் அப்படியே இருக்கிறா. பக்கத்து ஸ்லோவாக்கியாவுக்குப் போனால் 'வி ஸ்தே போலி', திரும்பவும் பன்மை. ஒரே நாடாக இருந்தவர்கள், இதில் ஒத்துப்போகவில்லை.

#13 இலக்கணக்_கிறுக்கி

வடமராட்சிக்காரி, வாங்க வாங்க! நான் சொல்ல ஆசைப்பட்டு, போரடிக்கும் என்று அடக்கிவைத்திருந்த விஷயம் இது. இனி அடக்க முடியாது.

நீங்கள் சொன்ன செக் வடிவத்தை அப்படியே ஸ்லோவீனியாவுக்குத் தூக்கிப் போங்கள். அங்கே பாடநூல் வடிவம் 'வி ஸ்தே பிலி'. ஒரே பெண்ணாக இருந்தாலும் பன்மை, அதுவும் ஆண்பால் பன்மை. (அந்த மொழியில் பன்மைக்கும் பால் உண்டு. இருவருக்கு மட்டுமான இருமை வேறு உண்டு.) ஆனால் தெருவில் நிறையப் பேர் பெண்ணிடம் 'வி ஸ்தே பிலா' என்கிறார்கள். செக் பள்ளியில் அதற்கு முழு மதிப்பெண். ஸ்லோவீனியப் பள்ளியில் சிவப்பு மை! அந்தத் தவறுக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: 'போல்வீகான்யே', பாதி நீங்கள். அரை மரியாதை என்று நாமும் சொல்லலாம். செர்பியர்களும் குரோஷியர்களும் ஸ்லோவீனியப் பாடநூல் கட்சி, 'வி ஸ்தே பிலி'.

ரஷ்யனும் முழுக்க ஒழுங்கு இல்லை. "நீங்கள் எவ்வளவு அழகாக இருந்தீர்கள்" என்று ஒரு பெண்ணிடம் சொல்வதானால் 'வி பிலி தகாயா க்ரஸீவயா'. வினை பன்மை, ஆனால் அழகு ஒருமை, பெண்பால்! ஒரே வாக்கியத்துக்குள் அந்த அம்மா பலராகவும் ஒருத்தியாகவும் நிற்கிறார். பல்கேரியனிலும் கிட்டத்தட்ட இதே பங்கீடுதான், அங்கே இதில் தப்புச் செய்யாத ஆள் குறைவு.

நம் மொழியில் இந்த உறுத்தலைத் தொல்காப்பியரே பார்த்துவிட்டார். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல், இலக்கணப்படி அல்ல என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலில் சூத்திரம் இருக்கிறது. ஒரு ஆளுக்குப் பன்மை போட்டால் கணக்கு உதைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. செக் மொழி கணக்கைப் பாதியாவது நேர்செய்யப் பார்க்கிறது. நாம் 'வந்தாள்' என்பதை 'வந்தார்' ஆக்கும்போது பெண் போய்விடுகிறாளே, அதை நாம் கவனிப்பதுகூட இல்லை.

#14 வடமராட்சிக்காரி

ஓம். அதோட எங்கட பக்கம் 'நீர்' இருக்கு. நீ, நீர், நீங்கள், மூன்று படி. நீர் ஒருகாலத்தில் பன்மை. ஒருவருக்கே பாவித்துப் பாவித்துத் தேய்ந்து ஒருமையாகிப் போய், பன்மைக்குத் திரும்பவும் ஒரு 'கள்' தேவைப்பட்டுது. செக் ஆட்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'வி' போதாது என்று ஜெர்மன்காரரைப் பார்த்து 'ஓனி', அதாவது 'அவர்கள்' என்று முன்னால் நிற்பவரையே சொன்னவை. இப்ப அதைப் பகிடிக்குத்தான் பாவிப்பினம்.

#15 நிர்வாகி

இழை அருமையாகப் போகிறது. ஆனால் பெயர்ப்பாளர் இன்னும் அடுப்படி வாசலில் பூட்ஸைக் கழற்றியபடி நிற்கிறார். அவரை உள்ளே விடுங்கள்.

#16 அரைகுறைப்_பெயர்ப்பாளன்

நன்றி நிர்வாகி. கால் மரத்துவிட்டது.

இது எனக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை என்று தெரிந்ததும் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'நாய்க்காரச் சீமாட்டி'யை (1899) மூலத்தில் எடுத்துப் பார்த்தேன். யால்தா என்ற கடலோர ஊரில் ஓட்டல் அறையில், எல்லாம் நடந்து முடிந்த பிறகும், அன்னா தன் காதலன் குரோவிடம் 'வி' போட்டே பேசுகிறாள்: இனி என்னை மதிக்காத முதல் ஆள் நீங்கள்தான் என்கிறாள். அவன் பதில் 'தி'யில் வருகிறது. அவன் அந்த எல்லையைத் தாண்டிவிட்டான், அவள் தாண்டவில்லை. பிறகு அவள் ஊர் நாடக அரங்கின் படிக்கட்டில், சுற்றிலும் ஆட்கள் நடக்க, அவன் மறுபடி 'வி'க்கு வந்து கெஞ்சுகிறான். கடைசியில் மாஸ்கோ ஓட்டல் அறையில் அவன் 'தி'. காதல் எங்கே நிற்கிறது என்பதை முன்னிலைப்பெயரிலேயே பார்த்துவிடலாம். ஆங்கில மொழிபெயர்ப்பில் எல்லாம் ஒரே சொல், ஒரு தடயமும் மிஞ்சாது. தமிழில் நமக்குக் கருவி இருக்கிறது, நீ, நீங்கள் இரண்டும் கையில் இருக்கிறது. இருந்தும் தடுமாறுகிறேன் என்பதுதான் எரிச்சல்.

#17 பியரோகி_மாப்பிள்ளை

கருவி இருக்கிறது என்கிறீர்களே, நம் அம்மாக்கள் கோபத்தில் என்ன செய்வார்கள்? ராத்திரி லேட்டாக வந்தால், "வாங்க துரை, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" நீங்கள் போட்டே வெட்டுவார்கள். போலிஷ் பாணியில் படர்க்கைக்குத் தூக்கிவிடுங்கள்: "சாருக்குச் சாப்பாடு ஆச்சா?"

#18 கீவ்_ரிட்டர்ன்

அட, இது நல்லா இருக்கே.

#19 இலக்கணக்_கிறுக்கி

நல்லா இல்லை. அந்த 'சார்' வந்தால் ரஷ்ய அடுப்படியில் மாம்பலம் வாசனை அடிக்கும். தவிர அதில் கிண்டல் இருக்கிறது. கிண்டல் செய்கிறவள் இன்னும் விளையாடுகிறாள் என்று அர்த்தம். 'வி பயேலி' விளையாட்டு இல்லை. அறிமுகமில்லாத விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி, சுத்தமான மரியாதை. அதுதான் பயங்கரம்.

#20 வோல்கா_டாக்டர்

அண்ணா, ஒரு கேள்வி. முதல் பதினோரு பக்கத்தில் அவள் அவனை எப்படிக் கூப்பிடுகிறாள்? ரஷ்யனில் இல்லை, உங்கள் தமிழில்.

#21 அரைகுறைப்_பெயர்ப்பாளன்

...நீங்க.

கை பழக்கம். மனைவி, கணவன் என்றதும் தானாக 'நீங்க' வந்துவிட்டது. அவன் அவளை நீ, அவள் அவனை நீங்க. இப்போதுதான் முதல் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

#22 வோல்கா_டாக்டர்

அப்போ கோளாறு பன்னிரண்டாம் பக்கத்தில் இல்லை. ரஷ்யாவில் ஒரு மனைவி சாவதற்குள் கணவனைக் கோடி தடவை 'தி' சொல்லியிருப்பாள். அதைக் கேட்டே வராத வாசகனுக்கு 'வி' எப்படிக் கேட்கும்?

#23 வடமராட்சிக்காரி

பெண் புருசனை நீ என்று சொன்னால் முதல் இரண்டு பக்கம் தமிழ் வாசகருக்குக் கொஞ்சம் இடிக்கும். இடிக்கட்டும். மூன்றாம் பக்கத்தில் பழகிவிடும். எனக்கு அந்த லிஃப்ட் அம்மாவையே பழகிவிட்டுது. நேற்று நீ என்றுதான் சொன்னேன், கதவைப் பிடி என்று.

#24 சும்மா_படிப்பவன்

இதை நான் வீட்டில் சத்தமாகப் படித்தேன். "அப்போ நானும் இனிமே நீன்னு கூப்பிடவா?" என்று கேள்வி வந்திருக்கிறது. இழையைப் பூட்டவும்.

#25 அரைகுறைப்_பெயர்ப்பாளன்

மூன்று நாள் ஆயிற்று. முதல் பக்கத்திலிருந்து மாற்றினேன். நாற்பத்து மூன்று இடத்தில் 'நீங்க' இருந்தது, எல்லாவற்றையும் நீ ஆக்கினேன். "உனக்கு எத்தனை தடவை சொல்றது", "நீ எப்பவுமே இப்படித்தான்", "கொஞ்சம் தள்ளிப் படு". சின்னச் சின்ன வரிகள்தான், ஆனால் அவள் வேறு ஆளாகிவிட்டாள். இத்தனை நாள் நான் யாரோ ஒரு அடக்கமான மருமகளை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் பக்கத்தில் எதையும் மாற்றவில்லை. நான்கு நாள் முறைத்துக்கொண்டிருந்த அதே "சாப்பிட்டீங்களா?" அப்படியே இருக்கிறது. வாசித்துப் பார்த்தேன். குளிர்ந்தது.

பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

#26 பியரோகி_மாப்பிள்ளை

வந்ததும் சுட்டி கொடுங்கள். என் மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும், எப்படி என்றுதான் தெரியவில்லை.

#27 அரைகுறைப்_பெயர்ப்பாளன்

பிரதி இன்று திரும்பி வந்தது. நாற்பத்து மூன்று 'நீ'யையும் ஆசிரியர் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறார். முதல் வட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும் குறிப்பு: "மனைவி பேசுவது அல்லவா? 'நீங்க' என்று மாற்றிவிடலாமே."

#28 வோல்கா_டாக்டர்

பன்னிரண்டாம் பக்கம்?

#29 அரைகுறைப்_பெயர்ப்பாளன்

அங்கே வட்டம் இல்லை. ஒரு டிக்.